மூச்சு வாங்கும்போது ஆங்கிலத்தில் என்ன சொல்வது? 'அவுட் ஆஃப் ப்ரெத்' பற்றி டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வந்தவர்கள், கோயில் பணிக்கு வந்த குருக்கள்மார், நாதஸ்வர தவில் கலைஞர்கள், பிள்ளைகளைப் பார்க்க வந்து சில மாதம் தங்கும் அம்மா அப்பாக்கள் ஆகியோருக்கு டர்பனில் மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மூச்சு பற்றிய சந்தேகங்கள் வகுப்பில் ஓயாமல் வரும். மலையும் மேடுமான ஊர் இது, அதனால் மூச்சு வாங்காத நாளே கிடையாது. அதோடு, ஆஸ்பத்திரியில் இதைத் தவறாகச் சொன்னால் கெடுதல் வரும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களை வாய்விட்டுப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

'அவுட் ஆஃப் ப்ரெத்' என்றால் சரியாக என்ன?

ஓடியோ, படியேறியோ, பாரம் தூக்கியோ மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது. கொஞ்சம் நின்றால் சரியாகிவிடும் என்பதும் அதற்குள்ளேயே அடக்கம். 'அவுட்' என்ற சொல்லைக் கேட்டதும் 'மூச்சு போய்விட்டது' என்று எடுத்துக்கொண்டு பதறுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. இந்த 'அவுட் ஆஃப்' நீங்கள் இங்கே தினமும் கேட்பதுதான். 'ஐ ஆம் அவுட் ஆஃப் ஏர்டைம்' என்றால் போனில் பேலன்ஸ் தீர்ந்துவிட்டது. 'வீ ஆர் அவுட் ஆஃப் மில்க்' என்றால் வீட்டில் பால் இல்லை. கைவசம் இருந்தது தீர்ந்திருக்கிறது, மறுபடி நிரம்பும். மூச்சுக்கும் அதே கணக்கு.

எந்த வினைச்சொல்லோடு சேர்த்துச் சொல்வது?

பெரும்பாலும் 'பீ' வினையோடு, அதாவது ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் ஆகியவற்றோடு. இப்போது இருக்கும் நிலைக்கு 'ஐ ஆம் அவுட் ஆஃப் ப்ரெத்'. நேற்று நடந்ததற்கு 'ஐ வாஸ் அவுட் ஆஃப் ப்ரெத்'.

வழக்கமாக நடப்பதைச் சொல்ல 'கெட்' வேண்டும். 'ஐ கெட் அவுட் ஆஃப் ப்ரெத் வென் ஐ கிளைம்ப் ஸ்டேர்ஸ்' என்றால் படியேறும் போதெல்லாம் எனக்கு மூச்சு வாங்கும் என்று பொருள். 'ஐ ஆம்', 'ஐ கெட்' இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். 'ஐ ஆம்' என்றால் இந்த நிமிடம். 'ஐ கெட்' என்றால் பழக்கம். டாக்டர் முன்னால் உட்கார்ந்து நிதானமாகப் பேசிக்கொண்டே 'ஐ ஆம் அவுட் ஆஃப் ப்ரெத்' என்று ஒருவர் சொன்னால், டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்ப்பார். மூச்சு சீராகத்தானே இருக்கிறது என்று நினைப்பார். அவர் சொல்ல வந்தது 'ஐ கெட்'.

'ஹேவ்' சேராது. 'ஐ ஹேவ் அவுட் ஆஃப் ப்ரெத்' என்று ஆங்கிலத்தில் கிடையாது. 'எனக்கு' என்று தொடங்கிச் சொல்லிப் பழகியதால் நமக்கு அது தானாக வாயில் வந்துவிடுகிறது.

காரணத்தை எப்படிச் சேர்ப்பது?

'ஃப்ரம்' போட்டு வினையை 'இங்' ஆக்கலாம்: 'ஷீ இஸ் அவுட் ஆஃப் ப்ரெத் ஃப்ரம் ரன்னிங்'. 'ஆஃப்டர்' போட்டாலும் சரி: 'ஐ வாஸ் அவுட் ஆஃப் ப்ரெத் ஆஃப்டர் கேரியிங் தி ஷாப்பிங்'. எல்லாவற்றையும் விட இயல்பாக ஒலிப்பது 'பை தி டைம்' என்று தொடங்குவது. 'பை தி டைம் ஐ காட் டு தி டாப், ஐ வாஸ் அவுட் ஆஃப் ப்ரெத்' என்றால் மேலே போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிட்டது என்று பொருள். இந்த ஒரு அச்சை மனதில் வைத்துக்கொண்டு நடுவில் இடத்தை மட்டும் மாற்றிப் பேசுங்கள்.

இந்த ஊர்க் காட்சிகளோடு சில:

'ஐ ரேன் ஃப்ரம் தி ரோபாட் டு தி டாக்ஸி ரேங்க், ஐ ஆம் ஸோ அவுட் ஆஃப் ப்ரெத்.' இங்கே 'ரோபாட்' என்றால் போக்குவரத்து சிக்னல் விளக்கு. சிக்னலிலிருந்து டாக்ஸி நிற்கும் இடம்வரை ஓடி வந்திருக்கிறார்.

'தி லிஃப்ட் வாஸ் ஆஃப் பிகாஸ் ஆஃப் லோட்ஷெடிங். வீ வாக்ட் அப் செவன் ஃப்ளோர்ஸ் அண்ட் மை மதர் வாஸ் கம்ப்ளீட்லி அவுட் ஆஃப் ப்ரெத்.' கரண்ட் வெட்டு நேரத்தில் மாடிக் குடியிருப்பில் இருந்தவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம்.

'ஹீ கேரிட் தி காவடி ஆல் தி வே அண்ட் ஹீ வாஸ் நாட் ஈவன் அவுட் ஆஃப் ப்ரெத்.' தைப்பூசத்தன்று வியந்து சொல்வது. 'நாட் ஈவன்' சேர்ந்தால், மூச்சுக்கூட வாங்கவில்லை என்று பொருள்.

ஓட்டம் பற்றிய பேச்சு இங்கே எங்கு போனாலும் வரும். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் பந்தயம் 1921-இல் தொடங்கியது. ஃபீல்ட்ஸ் ஹில், பாலி ஷார்ட்ஸ் ஆகிய ஏற்றங்களின் பெயர் ஓட்டக்காரர் அல்லாதவர் வாயிலும் புழங்கும். அலுவலகத்தில் யாராவது ஓடப் பழகுவதாகச் சொன்னால், 'டூ யூ கெட் அவுட் ஆஃப் ப்ரெத் ஆன் தி ஹில்ஸ்?' என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாக வளரும்.

'அவுட் ஆஃப் மை ப்ரெத்' என்று சொல்லலாமா?

கூடாது. 'மை', 'தி', 'எ' எதுவும் நடுவில் வராது. பன்மையும் ஆகாது.

ப்ரெத், ப்ரீத் எது எங்கே?

'ப்ரெத்' பெயர்ச்சொல், அதாவது மூச்சு. குறில். 'ப்ரீத்' வினைச்சொல், அதாவது மூச்சு விடு. நெடில். 'ஐ கான்ட் ப்ரீத்' சரி, 'ஐ கான்ட் ப்ரெத்' தவறு.

இன்னொரு ஆபத்து கடைசி எழுத்தில் இருக்கிறது. நாக்கு நுனியை மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே லேசாக நீட்டி, அதன் மேலாகக் காற்றை விட வேண்டும். நாம் நாக்கைப் பல்லின் பின்னால் அழுத்தி 'த்' என்று நிறுத்திவிடுகிறோம். பேச்சு வேகத்தில் அது 'ட்' ஆகி 'ப்ரெட்' என்று கேட்கும். 'அவுட் ஆஃப் ப்ரெட்' என்றால் ரொட்டி தீர்ந்துவிட்டது என்று முழுப் பொருளுள்ள வாக்கியம். முழு ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றி பன்னி சவ் விற்கும் கடைகள் நிறைந்த இந்த ஊரில் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். கண்ணாடி முன்னால் நின்று நாக்கு நுனி வெளியே தெரிகிறதா என்று பார்த்துப் பழகுங்கள்.

'ஷார்ட் ஆஃப் ப்ரெத்' என்றும் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அகராதியில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பேச்சில் சாய்வு வேறு. 'அவுட் ஆஃப் ப்ரெத்' என்றதும் கேட்பவர் மனதில் ஓட்டமோ படியோ வந்துவிடும். உழைத்திருக்கிறார், கொஞ்சம் உட்காரட்டும் என்று விட்டுவிடுவார். 'ஷார்ட் ஆஃப் ப்ரெத்' என்றால் உடம்பில் ஏதோ கோளாறு என்ற எண்ணம் வரும். டாக்டர்களும் நர்ஸ்களும் நோய்க்குறியாக எழுதுவது 'ஷார்ட்னஸ் ஆஃப் ப்ரெத்' என்றுதான்.

அதனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்கினால், தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுந்தால், 'ஐ ஆம் ஷார்ட் ஆஃப் ப்ரெத்' என்று சொல்லுங்கள். அதோடு 'ஈவன் வென் ஐ ஆம் ரெஸ்டிங்', ஓய்வாக இருக்கும்போதும்கூட, என்று கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சில சொற்கள் சேர்ந்தால் வரவேற்பு மேசையில் இருப்பவர் உங்களைப் பார்க்கும் விதமே மாறும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும், அதிலும் பெண்களுக்கு, மாரடைப்பு சில சமயம் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலாக வரும். நம்மில் எத்தனை வீட்டில் சர்க்கரை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட அம்மா ஒருவர் வரிசையில் நின்று சிரித்த முகத்தோடு 'அவுட் ஆஃப் ப்ரெத்' என்று மட்டும் சொன்னால், பார்க்கிங்கிலிருந்து நடந்து வந்த களைப்பு என்று எண்ணி உட்கார வைத்துவிட வாய்ப்பு இருக்கிறது. நமக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பெரிதுபடுத்தக் கூடாது என்று 'லிட்டில் பிட்' சேர்ப்போம். ஆஸ்பத்திரியில் அந்த 'லிட்டில் பிட்' வேண்டாம். இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள்.

டாக்டர் மூச்சு பற்றி என்னவெல்லாம் கேட்பார்?

முதலில், 'ஹவ் ஃபார் கேன் யூ வாக் பிஃபோர் யூ கெட் அவுட் ஆஃப் ப்ரெத்?' மூச்சு வாங்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று கேட்கிறார். 'நாட் ஃபார்' என்று பொதுவாகச் சொல்வதால் அவருக்கு எதுவும் தெரியாது. 'ஃப்ரம் மை கேட் டு தி ஷாப்' போல ஒரு தூரம் சொல்லுங்கள், அல்லது 'ஒன் ஃப்ளைட் ஆஃப் ஸ்டேர்ஸ்', ஒரு மாடி ஏற்றம், என்று சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு அளவுகோல் இருக்கிறது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் பெயரில் வழங்கும் ஐந்து படி அளவுகோல் அது. அதன் படிகளை நம் வாக்கியங்களாக மாற்றி வகுப்பில் பயிற்சி கொடுக்கிறேன். மொழியும் பழகும், உடம்பின் நிலையும் தெரியும். முதல் படிக்காரர் 'ஐ ஒன்லி கெட் அவுட் ஆஃப் ப்ரெத் வென் ஐ எக்ஸர்சைஸ் ஹார்ட்' என்பார். அடுத்தவர் 'வென் ஐ ஹரி, ஆர் வாக் அப் எ ஹில்' என்பார், அவசரமாக நடந்தாலோ மேடு ஏறினாலோ மூச்சு வாங்கும். மூன்றாம் படியில் 'ஐ வாக் ஸ்லோவர் தன் பீப்பிள் மை ஏஜ்', சமதரையிலேயே தன் வயதுக்காரர்களைவிட மெதுவாகத்தான் நடக்க முடியும். நான்காம் படியில் 'ஐ ஹேவ் டு ஸ்டாப் ஆஃப்டர் எ ஃபியூ மினிட்ஸ்', நூறு மீட்டர் போனதும் நிற்க வேண்டியிருக்கும். ஐந்தாம் படியில் 'ஐ கெட் அவுட் ஆஃப் ப்ரெத் கெட்டிங் ட்ரெஸ்ட்', உடுத்துவதற்குள் மூச்சு வாங்கும், வீட்டைவிட்டு வெளியே போகவே முடியாது. உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவருக்கோ எது பொருந்துகிறதோ அதை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

அப்புறம் ஒரு கேள்வி வரும், கேட்பவர்கள் குழம்பிப்போவார்கள்: 'ஹவ் மெனி பில்லோஸ் டூ யூ ஸ்லீப் ஆன்?' எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள்? இது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. இதயம் பலவீனமாக இருந்தால், மல்லாந்து படுக்கும்போது காலில் தங்கியிருந்த நீர் மேலே திரும்பி வந்து நுரையீரலில் தேங்கும், மூச்சு முட்டும். அதனால் சிலர் தங்களை அறியாமலே தலையணையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். 'த்ரீ. ஐ கான்ட் லை ஃப்ளாட்' என்பது டாக்டருக்கு நிறையச் சொல்லும் பதில்.

'டூ யூ வீஸ்?' என்றால் மூச்சில் விசில் போலச் சத்தம் வருகிறதா என்று பொருள். தமிழ்நாட்டில் வீசிங் என்றே சொல்வோம், யாழ்ப்பாணத்துக்காரர்கள் இழுப்பு, தொய்வு என்பார்கள். 'டூ யூ யூஸ் எ பம்ப்?' என்று கேட்டால் இன்ஹேலரைக் கேட்கிறார். இந்த நாட்டில் அதற்கு 'ஆஸ்மா பம்ப்' என்றுதான் பேச்சுவழக்கு.

எக்ஸ்ரே எடுக்கும்போது 'டேக் எ டீப் ப்ரெத் அண்ட் ஹோல்ட் இட்' என்பார்கள். மூச்சை இழுத்து அப்படியே அடக்கிக்கொள்ளுங்கள். 'ப்ரீத் அவே' அல்லது 'ப்ரீத் நார்மலி' என்றதும் விடலாம்.

'மூச்சுப் பிடிச்சிருக்கு' என்பதை எப்படிச் சொல்வது?

நல்ல கேள்வி, இதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். நாம் மூச்சுப்பிடிப்பு என்பது விலாவிலோ முதுகிலோ தசை பிடித்துக்கொள்வது. ஆங்கிலத்தில் 'கேட்ச் மை ப்ரெத்' என்று ஒன்று இருப்பதால், அதுதான் இது என்று நினைத்துவிடுகிறோம். 'ஐ நீட் டு கேட்ச் மை ப்ரெத்' என்றால் 'கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன், பொறு' என்று பொருள். பிடிப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. நீங்கள் சொல்ல வேண்டியது: 'ஐ ஹேவ் புல்ட் எ மசில் ஹியர். இட் ஹர்ட்ஸ் வென் ஐ ப்ரீத் இன்.' இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுங்கள். ஆனால் மூச்சிழுக்கும்போது திடீரென்று குத்தும் வலி எப்போதும் தசைப்பிடிப்பாகத்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

இதோடு கலந்துபோகும் வேறு சில: படபடப்புக்கு 'மை ஹார்ட் இஸ் ரேசிங்'. நெஞ்சை அழுத்துவது போல இருந்தால் 'மை செஸ்ட் இஸ் டைட்'. கூட்டத்திலோ அடைத்த அறையிலோ மூச்சு முட்டினால் 'இட்ஸ் ஸ்டஃபி இன் ஹியர், ஐ நீட் சம் ஏர்'. இவற்றில் எதற்கும் 'அவுட் ஆஃப் ப்ரெத்' பொருந்தாது.

பெயர்ப்பட்டையில் 'கோவெண்டர்' என்று இருக்கிறது. அந்த நர்ஸிடம் தமிழிலேயே பேசக் கூடாதா?

வணக்கம் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் முகம் மலரும். ஆனால் நோயைத் தமிழில் விவரித்தால் புரியும் என்று நம்ப வேண்டாம். 1860 நவம்பர் 16-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. அதிலும் அதற்குப் பிறகும் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள்தான் கோவெண்டர் போன்ற பெயருடைய இந்த ஊர்த் தமிழர்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார், நாயக்கர் நைக்கர் ஆனார். கோயிலும் காவடியும் தீமிதியும் தலைமுறை தலைமுறையாக நின்றிருக்கின்றன. வீட்டு மொழி மட்டும் ஆங்கிலமாகிவிட்டது. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு மதிப்பளித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயரைச் சொல்கிறது. பள்ளிகளிலும் கோயில்களிலும் கற்றுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அந்த முயற்சியை நான் மனதார மதிக்கிறேன். என்றாலும் அவசரத்தில் கைகொடுப்பது ஆங்கிலம்தான்.

டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தின் அரசு மருத்துவமனைகளில் ஜூலு பேசும் நர்ஸ்கள் அதிகம். ஜூலுவில் மூச்சுக்கும் காற்றுக்கும் 'உமோயா' என்று பெயர். 'உகுபெலெல்வா உமோயா' என்றால் மூச்சு தீர்ந்துபோதல். ஆங்கிலம் வராத பெரியவர் மார்பில் கை வைத்து 'உமோயா' என்று சொன்னால்கூட விஷயம் போய்ச் சேரும்.

மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் 'ஷேம்' என்கிறார்களே, கேலியா?

இல்லவே இல்லை. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் 'ஷேம்' என்றால் 'ஐயோ பாவம்'. வெட்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. 'ஷேம், ஆன்ட்டி, சிட் டவுன்' என்று சொல்பவர் உங்கள் மீது அக்கறையோடு சொல்கிறார். 'தேங்க் யூ, ஐ ஜஸ்ட் நீட் டு கேட்ச் மை ப்ரெத்' என்று பதில் சொல்லுங்கள்.

இந்த ஊர்ப் பேச்சில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'ஜஸ்ட் நவ்' என்றால் இங்கே பெரும்பாலும் 'கொஞ்ச நேரம் கழித்து'. அதனால் சற்றுமுன் மூச்சுத் திணறியதைச் சொல்லும்போது 'ஜஸ்ட் நவ்' வேண்டாம். 'டென் மினிட்ஸ் அகோ' என்று நேரத்தையே சொல்லிவிடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் போனால் படியேறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. இதை எப்படிச் சொல்வது?

'ஐ ஆம் நாட் யூஸ்ட் டு தி ஆல்டிட்யூட், ஸோ ஐ கெட் அவுட் ஆஃப் ப்ரெத் ஈஸிலி.' டர்பன் கடலோரம். ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும் அளவு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவு குறையும். சில நாளில் உடம்பு பழகிக்கொள்ளும். நாதஸ்வரம் வாசிப்பவர்கள் இதை நன்றாக உணர்வார்கள். அங்கே கச்சேரி இருந்தால் ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருவது நல்லது.

'ஒரே மூச்சில்', 'மூச்சு விடாதே' இவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் என்ன?

ஒரே மூச்சில் வேலையை முடித்தேன் என்பதற்கு 'ஐ ஃபினிஷ்ட் இட் இன் ஒன் கோ'. 'இன் தி சேம் ப்ரெத்' என்று சொன்னால் வேறு பொருள் வரும். முன்னுக்குப் பின் முரணான இரண்டை ஒருவர் அடுத்தடுத்துச் சொல்வதைக் குறை கூறும்போது அதைச் சொல்வார்கள்.

யாரிடமும் மூச்சு விடாதே என்பதற்கு 'டோன்ட் ப்ரீத் எ வேர்ட்'. இது மட்டும் தமிழோடு அழகாகப் பொருந்திப்போகிறது. 'டோன்ட் ஹோல்ட் யுவர் ப்ரெத்' என்றால் எதிர்பார்த்துக் காத்திருக்காதே, நடக்காது என்று பொருள். உங்கள் விண்ணப்பம் பற்றி யாராவது இப்படிச் சொன்னால் வேறு வழி பாருங்கள். 'அண்டர் ஹிஸ் ப்ரெத்' என்றால் வாய்க்குள் முணுமுணுத்து. 'சேவ் யுவர் ப்ரெத்' என்றால் சொல்லிப் பயனில்லை, விடு.

'ப்ரெத்லெஸ்', 'ப்ரெத்டேக்கிங்'?

'ப்ரெத்லெஸ்' எழுத்தில் அதிகம் வரும், பேச்சில் குறைவு. 'ப்ரெத்டேக்கிங்' அழகைச் சொல்வது. கேப் டவுனின் டேபிள் மவுண்டன் மலை உச்சியில் நின்று பார்க்கும் காட்சி 'ப்ரெத்டேக்கிங்', அங்கே நடந்து ஏறிய நீங்கள் 'அவுட் ஆஃப் ப்ரெத்'.

மூச்சுத் திணறும்போது ஆம்புலன்ஸை எப்படிக் கூப்பிடுவது?

அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. எடுத்ததும் முதல் வாக்கியத்திலேயே 'மை மதர் கான்ட் ப்ரீத் ப்ராப்பர்லி' என்று சொல்லுங்கள். இங்கே 'அவுட் ஆஃப் ப்ரெத்' என்று சொல்லவே கூடாது. ஓடிக் களைத்தவர் என்று அவர்கள் நினைக்க இடம் தரக் கூடாது. அடுத்து வயது, பிறகு வீட்டு முகவரி, அருகில் தெரியும் அடையாளம்.

ஒரு முழு வாக்கியம்கூடத் தொடர்ந்து பேச முடியாமல் இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு முறை நிறுத்தினால் 'ஷீ கான்ட் ஃபினிஷ் எ சென்டென்ஸ்' என்று சொல்லுங்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தால் 'ஹெர் லிப்ஸ் ஆர் ப்ளூ'. நெஞ்சுவலியும் இருந்தால் 'ஷீ ஹேஸ் செஸ்ட் பெயின்'. திடீரென்று வந்திருந்தால் 'இட் ஸ்டார்ட்டட் சடன்லி'. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. இலக்கணம் தவறினால் பரவாயில்லை, 'மதர் நோ ப்ரீத், லிப்ஸ் ப்ளூ' என்று கத்தினாலும் வண்டி வரும்.

வகுப்புக்கு வர நேரமில்லை. வீட்டிலேயே எப்படிப் பழகுவது?

படியேறி முடித்ததும், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். உடம்பு அந்த நிலையில் இருக்கும்போது சொன்ன வாக்கியம் மறக்காது. அடுத்த முறை படியேறினால் தானாக வரும். புத்தகத்தை வைத்து உட்கார்ந்து படித்தவர்களைவிட இப்படிப் பழகியவர்கள் சீக்கிரம் பேசுகிறார்கள். அன்றாடம் ஒரே படி, ஆனால் காலத்தை மாற்றிக்கொள்ளுங்கள்: இன்று 'ஐ ஆம்', நாளை 'ஐ வாஸ்', அடுத்த நாள் 'ஐ ஆல்வேஸ் கெட்'.

என் அம்மாவுக்கு ஆங்கிலமே வராது. பகலில் தனியாக இருக்கிறார். என்ன செய்யலாம்?

ஒரு அட்டை எழுதி அவர் கைப்பையிலும் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலும் வையுங்கள். ஒரு பக்கத்தில் ஆங்கில எழுத்தில் நான்கு வரி: 'ஐ ஸ்பீக் தமிழ். ஐ ஆம் ஷார்ட் ஆஃப் ப்ரெத். ஐ ஆம் டயபெடிக். ப்ளீஸ் கால் மை டாட்டர்.' இதில் சர்க்கரை இல்லாதவர்களுக்கு அவரவர் நோயின் பெயர். மகன் என்றால் 'சன்'. கீழே உங்கள் எண், பிறகு 10177. பின்பக்கத்தில் அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், ஒவ்வாத மருந்து இருந்தால் அதுவும். மருந்து மாறும்போதெல்லாம் அட்டையையும் மாற்றுங்கள். அண்டை வீட்டு ஆன்ட்டியிடமும் ஒரு பிரதி கொடுத்து, 'இஃப் ஷீ ஷோஸ் யூ திஸ் கார்ட், ப்ளீஸ் டோன்ட் வெயிட் ஃபார் மீ, கால் தி ஆம்புலன்ஸ் ஃபர்ஸ்ட்' என்று சொல்லி வையுங்கள்.